கைபர் உடைந்ததாக வந்த செய்தி: 2024 ஏப்ரலில் எட்டு நாள்

பின்னணி

கைபர் என்ற புதிய மறையாக்க முறை உடைந்துவிட்டதாக 2024 ஏப்ரலில் பரவிய செய்தியை எங்கள் குழு எப்படி எதிர்கொண்டது என்பதே இந்தப் பதிவு. குழு நான்கு பேர் கொண்டது. பல மருத்துவமனைகளின் நோயாளர் ஆவணங்களைச் சேமித்து வைக்கும் சென்னை நிறுவனம் ஒன்றில் மறையாக்கம் (தரவைச் சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி பூட்டுவது) தொடர்பான எல்லாவற்றுக்கும் அந்த நால்வரே பொறுப்பு. அவர்களில் நானும் ஒருவன். நிறுவனத்தின் பெயரையும் மற்றவர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

மருத்துவ ஆவணத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கடவுச்சொல் வெளியே போனால் மறுநாளே மாற்றிவிடலாம். பிறந்த குழந்தைக்குச் செய்த மரபணுச் சோதனையின் முடிவை யாராலும் மாற்ற முடியாது. அந்தக் குழந்தை பாட்டியாகும் வரை அது ரகசியமாக இருந்தாக வேண்டும். இன்று எங்கள் இணைப்பில் ஓடும் தரவை ஒருவன் பூட்டிய நிலையிலேயே பதிவு செய்து வைத்துக்கொண்டு, இருபது ஆண்டு கழித்து அதைத் திறக்கும் கருவி கிடைத்ததும் திறந்து பார்க்கலாம். எங்கள் கவலை முழுவதும் அந்த இருபதாவது ஆண்டைப் பற்றியது.

போதிய வலிமையுள்ள குவாண்டம் கணினி அமைந்தால், மிகப் பெரிய எண்ணைக் காரணிப்படுத்துவது (பெருக்கினால் அதைத் தரும் எண்களாகப் பிரிப்பது) கடினம் என்பதை நம்பி நிற்கும் ஆர்.எஸ்.ஏ. என்ற பரவலான மறையாக்க முறை உடையும் என்று 1994-இல் பீட்டர் ஷோர் காட்டினார். நீள்வட்ட வளைவரை முறைகளுக்கும் அதே கதிதான். அப்படி ஒரு கணினி இன்னும் உருவாகவில்லை. 2048 பிட் ஆர்.எஸ்.ஏ.வை எட்டு மணி நேரத்தில் உடைக்க இரண்டு கோடி கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) தேவைப்படும் என்று 2019-இல் ஒரு மதிப்பீடு வந்தது. 2025-இல், ஒரு வாரம் எடுத்துக்கொண்டால் பத்து லட்சத்துக்கும் குறைவான கியூபிட் போதும் என்று அது இறங்கிவிட்டது. மருத்துவ ஆவணத்தின் ஆயுளோடு ஒப்பிட்டால் இந்த வேகம் அலட்சியப்படுத்தத் தக்கதல்ல.

அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாத முறைகளுக்காக 2016-இல் தொடங்கிய தேர்வில், 2022 ஜூலையில் சாவிப் பரிமாற்றத்துக்கு (இரு முனைகளும் பூட்டும் சாவியை ரகசியமாகப் பகிர்ந்துகொள்வதற்கு) கைபர் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தது. கைபரின் அடித்தளம், 2005-இல் ஓடெட் ரெகெவ் முன்வைத்த எல்.டபிள்யூ.இ. என்ற கணக்கின் ஒரு வகை. ஏராளமான நேரியல் சமன்பாடுகள் தரப்படும். ஒவ்வொன்றின் விடையிலும் சிறு பிழை ஒன்று வேண்டுமென்றே கலக்கப்பட்டிருக்கும். பிழை இல்லையென்றால் பள்ளிக்கூடத்தில் கற்ற முறையிலேயே தீர்த்துவிடலாம். பிழை கலந்துவிட்டால் மாறிகளை ஒவ்வொன்றாக நீக்க நீக்கப் பிழை பெருகி, விடையை மூழ்கடித்துவிடுகிறது. இதை வேகமாகத் தீர்க்கும் வழி சாதாரணக் கணினிக்கும் தெரியாது, குவாண்டம் கணினிக்கும் தெரியாது. அந்த நம்பிக்கையின் மேல்தான் புதிய மறையாக்கத்தின் பெரும்பகுதி நிற்கிறது.

2024 ஏப்ரல் தொடக்கத்தில் எங்கள் கையில் மூன்று வேலைகள் இருந்தன. இரண்டு தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்பில் நீள்வட்ட வளைவரை வகையைச் சேர்ந்த பழைய எக்ஸ்25519 முறையையும் கைபர்-768-ஐயும் சேர்த்துக் கட்டிய கலப்பு முறை சோதனையாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது, நீண்ட காலக் காப்பகம். அங்கே ஒவ்வொரு கோப்பும் ஏ.இ.எஸ்.-256 என்ற பூட்டும் முறையின் தனித்தனிச் சாவியால் பூட்டப்பட்டு, அந்தச் சாவிகள் கைபரால் பூட்டப்படும் என்று வரைவு போட்டிருந்தோம். மூன்றாவது, ஹோமோமார்பிக் மறையாக்கம்: ஆவணத்தைத் திறக்காமலேயே அதன் மேல் புள்ளிவிவரக் கணக்கு போடும் முறை. அதற்கான ஒப்பந்தம் ஏப்ரல் 15-ஆம் தேதி கையெழுத்தாக இருந்தது.

செய்தி வந்த நாள்

ஏப்ரல் 10 அன்று, பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், மறைக்கணிதத் துறையினர் அச்சுக்கு முன்பே தங்கள் வேலையைப் பகிரும் காப்பகத்தில் ஒரு கட்டுரையை வெளியிட்டார். குறிப்பிட்ட சில அளவுகளில் எல்.டபிள்யூ.இ. கணக்கைக் குவாண்டம் கணினியால் பல்லுறுப்புக் காலத்தில் தீர்க்க முடியும் என்பது அதன் முடிவு. நடைமுறைக்கு எட்டும் வேகத்தில் முடியும் என்று பொருள். அறுபது பக்கத்துக்கு மேல் நீண்ட கட்டுரை, ஒன்பது படிகள் கொண்ட வழிமுறை.

மறுநாள் வியாழக்கிழமை, ரம்ஜான் விடுமுறை. பணியில் இருந்தவர் எங்கள் குழுவின் இளைய பொறியாளர் மட்டுமே. பிற்பகலில் அவருடைய தொலைபேசிக்கு நான்கு பக்கங்களிலிருந்து ஒரே செய்தி வந்தது. கட்டுரையின் தலைப்பு மாறி மாறி, அவரிடம் வந்து சேர்ந்தபோது "கைபர் உடைந்துவிட்டது" என்று ஆகியிருந்தது. எங்கள் எண்களுக்கு அழைத்துப் பார்த்தார். இருவர் எடுக்கவில்லை. நான் ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன், இணைப்பு கிடைக்கவில்லை. மாலை ஆறு மணியளவில் அவர் தரவு மைய இணைப்பில் கைபரை நீக்கிவிட்டு, எக்ஸ்25519-ஐ மட்டும் வைத்து இயக்கினார்.

உடைந்த பூட்டைக் கழற்றுகிறோம் என்ற எண்ணத்தில்தான் அவர் செய்தார். ஆனால் கலப்பு முறையில் இரண்டு பூட்டுகள் உண்டு, இரண்டையும் திறந்தால்தான் உள்ளே போக முடியும். ஒன்று உடைந்திருந்தாலும் மற்றது காக்கும். கைபர் முழுவதுமாக உடைந்துபோயிருந்தாலும் கலப்பு முறை எக்ஸ்25519-ஐவிட வலிமை குறைந்ததாக ஆகியிருக்காது. அதை நீக்கியதால் கிடைத்த ஆதாயம் எதுவும் இல்லை. இழப்பு இருந்தது. வெள்ளிக்கிழமை நண்பகலில் நாங்கள் கண்டுபிடித்து மீட்கும் வரை ஏறத்தாழ பதினெட்டு மணி நேரம் அந்த இணைப்பு, ஷோரின் வழிமுறைக்குப் பணிந்துவிடக்கூடிய ஒற்றைப் பூட்டோடு ஓடியது. அந்த இடைவெளியில்தான் அன்றிரவின் காப்பு நகல் முழுவதும் கடந்து போனது. யாராவது அதைப் பதிவு செய்திருந்தால் திரும்பப் பெற வழியில்லை. இந்த நிகழ்வில் மீட்க முடியாதபடி நடந்தது இது ஒன்றுதான். அதைச் செய்தது அந்தக் கட்டுரை அல்ல, நாங்கள்தான்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விடுமுறை நாளில் தனியாக ஒருவரை உட்காரவைத்துவிட்டு, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுக்காமல் போனவர்கள் நாங்கள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம்

கூட்டம் தொடங்கிய பத்து நிமிடத்தில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. நிர்வாகப் பொறுப்பாளர் மூன்று வேலைகளையும் நிறுத்திவிடலாம் என்றார். எங்கள் குழுத் தலைவர் எதிர்த்திசையில் நின்றார். "சார், இதுபோல ஆண்டுக்கு ஒன்று வருகிறது. ஒரு மாதத்தில் காணாமல் போய்விடும்" என்றார். அவர் பேச்சுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அந்த ஆதாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தோம். இந்தப் பதிவில் மற்றவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

2021 மார்ச்சில், ஜெர்மனியின் மூத்த மறைக்கணித அறிஞர் ஷ்னோர் ஒரு கட்டுரை வெளியிட்டார். எண்மக் கையொப்பத்தில் அவர் பெயரிலேயே ஒரு முறை வழங்குகிறது, அத்தனை பெரிய மனிதர். ஆர்.எஸ்.ஏ. அழிந்தது என்று கட்டுரையின் சுருக்கத்திலேயே எழுதியிருந்தார். அவர் கொடுத்த கணக்குப்படி 800 பிட் எண்ணைச் சாதாரணக் கணினியே காரணிப்படுத்திவிட வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான் 829 பிட் கொண்ட ஆர்.எஸ்.ஏ.-250 என்ற எண்ணை உலகமே திரும்பிப் பார்க்கும்படி உடைத்திருந்தார்கள். கணினிச் செயலியின் ஒரே ஓர் உட்கரு (கோர்) அந்த வேலையைச் செய்திருந்தால் 2700 ஆண்டு ஆகியிருக்கும். ஷ்னோரின் முறை உண்மையானால் ஓர் எண்ணை உடைத்துக் காட்டிவிட்டுப் பேசியிருக்கலாம். அப்படி எந்த எண்ணும் காட்டப்படவில்லை. கைபர் சார்ந்திருக்கும் லாட்டிஸ் கணிதத் துறையின் ஆய்வாளர் லியோ டூகா நிரல் எழுதிச் சோதித்தபோது, காரணிப்படுத்தத் தேவையான இடைநிலை உறவுகளை அந்த முறை தரவில்லை.

2022 டிசம்பரில் அதே வழிமுறையைக் குவாண்டம் கருவியோடு இணைத்து, 372 கியூபிட்டில் 2048 பிட் ஆர்.எஸ்.ஏ.வை உடைக்கலாம் என்று சீனாவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அவர்கள் செய்துகாட்டியது பத்துக் கியூபிட்டில் 48 பிட் எண். அது பதினைந்து இலக்க எண், மடிக்கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடும். அவர்கள் உடைக்கலாம் என்று சொன்ன 2048 பிட் எண்ணோ 617 இலக்கம். அந்த இடைவெளியைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்விக்குக் கட்டுரையில் விடை இல்லை.

தலைவரின் வாதத்துக்கு இவை இரண்டும் துணை. ஆனால் இவற்றுக்கு நடுவே, 2022 ஜூலை இறுதியில் இன்னொன்று நடந்தது. சைக் என்ற சாவிப் பரிமாற்ற முறையைப் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் உடைத்துவிட்டதாக அறிவித்தார்கள். நிஸ்ட் அந்த மாதத் தொடக்கத்தில்தான் சைக்கைத் தன் தேர்வின் நான்காம் சுற்றுக்கு அனுப்பியிருந்தது. அவர்கள் கட்டுரையோடு நிரலையும் கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் இயக்கலாம். குவாண்டம் கணினி எதுவும் தேவைப்படவில்லை. ஒரே ஓர் உட்கருவில் ஒரு மணி நேரத்தில் சாவி வெளியே வந்து விழுந்தது. அன்று "வழக்கமான செய்திதான்" என்று ஒதுக்கியவர்கள் தவறு செய்தார்கள்.

ஆக, செய்துகாட்டினார்களா என்ற ஒரே கேள்வி மூன்றையும் பிரித்துவிடுகிறது. ஆளின் புகழும் அவர் வந்த இடமும் பிரிக்கவில்லை: ஷ்னோர் பெரும்புகழ் பெற்றவர், சைக்கை உடைத்தவர்களின் பெயரைத் துறைக்கு வெளியே அன்றுவரை அதிகம் பேர் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் முன் இருந்த கட்டுரைக்கு அந்தக் கேள்வி உதவவில்லை. இயக்கிப் பார்க்க வேண்டிய கணினி உலகத்தில் எங்கும் இல்லை. வரிக்கு வரி படித்துத்தான் சரிபார்க்க வேண்டும். எங்கள் நால்வரில் ஒருவருக்கும் அதற்கான கணிதம் கிடையாது. அதை மேசையில் வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் கூட்டம் உருப்படியாக நகர்ந்தது.

கட்டுரையில் எங்களால் படிக்க முடிந்தது

நிரூபணம் புரியாவிட்டாலும், கட்டுரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அறிமுகப் பக்கங்களிலிருந்து அறிய முடிந்தது. நடைமுறையில் உள்ள கைபரைத் தம் வழிமுறை உடைக்கவில்லை என்று ஆசிரியரே எழுதியிருந்தார். காரணம் எளிது. அந்த வழிமுறை வேலை செய்ய, பிழையோடு ஒப்பிடும்போது மட்டு எண் (விடைகளை எந்த எண்ணால் வகுத்து மீதியை எடுக்கிறோமோ அந்த எண்) மிகப் பெரியதாக இருக்க வேண்டும், பரிமாணத்தின், அதாவது மாறிகளின் எண்ணிக்கையின், வர்க்கத்தைவிடப் பெரியதாக. கைபர்-768-இல் பரிமாணம் 768, அதன் வர்க்கம் 5,89,824. கைபரின் மட்டு எண்ணோ வெறும் 3329. எங்கள் பொறியாளரின் தொலைபேசிக்கு வந்த செய்தியை மறுக்கும் வரி கட்டுரைக்குள்ளேயே இருந்தது. செய்தியைக் கடத்திய யாரும் அந்த வரியைக் கடத்தவில்லை.

ஹோமோமார்பிக் மறையாக்கத்தின் நிலை வேறு. அங்கே ஒவ்வொரு பெருக்கலிலும் பிழை வளர்கிறது. அது விடையை மூடிவிடாதிருக்க மட்டு எண்ணை மிகப் பெரிதாக வைக்கிறார்கள். கட்டுரை சொல்லும் எல்லைக்குள் வந்துவிடக்கூடிய இடம் அதுதான். பரபரப்பில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த வேலை இணைப்பு. ஆபத்து இருக்குமானால் அது இருந்தது, திங்கட்கிழமை கையெழுத்தாக இருந்த ஒப்பந்தத்தில்.

ஆசிரியர் இத்துறையிலேயே உழைப்பவர், தம் முடிவின் எல்லையைக் குறுக்கிச் சொல்லியிருந்தார், எல்லாப் படிகளையும் திறந்து வைத்திருந்தார். இவை அவருடைய அக்கறையைக் காட்டின. நிரூபணம் சரி என்று இவை காட்டவில்லை. இந்த வேறுபாட்டை நாங்கள் கூட்டக் குறிப்பில் தனியாக எழுதி வைத்தோம்.

எடுத்த முடிவுகள்

உண்மையா பொய்யா என்று தெரியும் வரை காத்திருப்பதில்லை என்று தீர்மானித்தோம். ஒவ்வொரு வேலையையும் எடுத்து, கட்டுரை உண்மையானால் எதற்கு வருந்துவோம், பொய்யானால் எதற்கு வருந்துவோம் என்று கேட்டோம்.

இணைப்பில் கலப்பு முறையை அன்று நண்பகலிலேயே மீட்டோம். இரண்டு நிலையிலும் வருந்த ஒன்றும் இல்லை.

காப்பகத்தில்தான் எங்கள் வரைவின் குறை வெளிப்பட்டது. சாவிகளைக் கைபரை மட்டும் கொண்டு பூட்டுவதாகத் திட்டம் போட்டிருந்தோம். இணைப்பில் இரண்டு பூட்டு கேட்டவர்கள், முப்பது ஆண்டு நிற்க வேண்டிய காப்பகத்தில் ஒன்றோடு ஏன் நின்றோம்? எளிமைக்காக என்பதைத் தவிர எங்களிடம் விடை இல்லை. இந்தக் கட்டுரை பொய்த்தாலும் அடுத்தது பொய்க்காமல் போகலாம். எனவே காப்பகச் சாவிகளையும் கலப்பு முறையில் பூட்டுவது என்று மாற்றினோம். மூன்று வாரம் கூடுதல் வேலை. கோப்புகளைப் பூட்டும் ஏ.இ.எஸ்.-256-க்கும் இந்தக் கட்டுரைக்கும் தொடர்பில்லை, அதைத் தொடவில்லை.

ஹோமோமார்பிக் ஒப்பந்தத்தை நான்கு வாரம் தள்ளி வைத்தோம். உண்மையானால் தப்பித்தோம். பொய்யானால் நான்கு வாரம் போகும், வழங்குநருக்கு மனவருத்தம் இருக்கும். குழுத் தலைவர் இந்த முடிவை ஏற்கவில்லை.

வாசிப்புக்காகக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ஒருவரை அணுகினோம். ஞாயிற்றுக்கிழமை சித்திரைப் பிறப்பு. விருந்தினர்களுக்கு நடுவிலும் அம்மையார் அந்தக் கட்டுரையோடு உட்கார்ந்திருந்தார். திங்கள் காலை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். முதல் சில படிகளைத் தாம் பின்தொடர்ந்ததாகவும், அதுவரை பிழை காணவில்லை என்றும், பிற்பகுதியைத் தம்மால் மதிப்பிட முடியவில்லை என்றும், அதனால் சரி என்றோ தவறு என்றோ தம் பெயரில் எதையும் மேற்கோள் காட்டக்கூடாது என்றும் அதில் இருந்தது. நிர்வாகப் பொறுப்பாளர் ஏமாற்றம் அடைந்தார். எனக்கு அந்த ஒரு பக்கம் அந்த வாரத்தில் கிடைத்த மிக நம்பகமான ஆவணம். உலகின் முதல்தரக் கணிதர்களும் அப்போது அதே நிலையில்தான் இருந்தார்கள்.

காத்திருந்த நாட்கள்

திங்களன்று ஒரு மருத்துவமனையின் தகவல் தொழில்நுட்ப அலுவலர் அழைத்து, "எங்கள் ஆவணங்கள் பத்திரமாக இருக்கின்றனவா?" என்று நேரடியாகக் கேட்டார். நாங்கள் "ஆராய்ந்து வருகிறோம்" என்று பதில் அனுப்பினோம். மோசமான பதில் அது. எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம், எது தெரியாது என்று நான்கு வரியில் சொல்லியிருக்கலாம், சொல்லப் போதுமான செய்தி எங்களிடம் இருந்தது. சொல்லாததால் அவர் தம் மருத்துவமனையில் ஒரு பகுதியின் தரவு அனுப்புதலை இரண்டு நாள் நிறுத்திவிட்டார்.

அதே வாரம் வெளிவந்த குரோம் இணைய உலாவியின் 124-ஆம் பதிப்பில் எக்ஸ்25519-உம் கைபரும் சேர்ந்த கலப்பு முறை இயல்பாகவே இயக்கப்பட்டிருந்தது. சிலர் அதைக் கட்டுரைக்கு மறுப்பாக எடுத்துக்கொண்டார்கள். அது மறுப்பல்ல. கலப்பு முறையை வைத்திருக்க நிரூபணம் தவறாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

ஏப்ரல் 18 அன்று கட்டுரையின் முகப்பில் ஆசிரியரே ஒரு குறிப்பைச் சேர்த்தார். இரண்டு ஆய்வாளர்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒன்பதாம் படியில் ஒரே பிழையைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதைச் சரிசெய்யும் வழி தமக்குத் தெரியவில்லை என்றும், கட்டுரையின் முதன்மை முடிவு நிற்காது என்றும் எழுதி, பிழை கண்டவர்களுக்கு நன்றி சொல்லியிருந்தார். கட்டுரையை அகற்றவில்லை. அதன் உத்திகள் வேறு யாருக்காவது பயன்படலாம் என்று விட்டுவைத்தார். ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒன்று எட்டே நாளில் சரிந்தபோது ஒரு மனிதர் இப்படி நடந்துகொண்டதை நான் மிகுந்த மரியாதையோடு இங்கே பதிவு செய்கிறேன்.

மறுநாள் தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. வாக்களித்துவிட்டு வந்த கையோடு நால்வரும் தொலைபேசியில் பேசினோம். இந்த முறை யாரும் எந்த அமைப்பையும் தொடவில்லை.

பின்விளைவுகள்

ஹோமோமார்பிக் ஒப்பந்தம் மே மாதத்தில் கையெழுத்தானது. காப்பகச் சாவிகளின் கலப்புப் பூட்டு முடிவை நாங்கள் திரும்பப் பெறவில்லை. அந்த மாற்றத்துக்கான காரணம் கட்டுரையோடு சேர்ந்து விழுந்துவிடவில்லை. ஆகஸ்ட் 13 அன்று நிஸ்ட், கைபரைச் சிறு மாற்றங்களோடு எம்.எல்.-கெம் என்ற பெயரில் இறுதித் தரமாக வெளியிட்டது. அந்த மாற்றங்களால் பழைய கைபரோடு அது பேசாது. எங்கள் இணைப்பை மறுபடியும் அமைக்க வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில் நிஸ்ட், லாட்டிஸ் அடித்தளம் இல்லாத ஹெச்.கியூ.சி. என்ற முறையை மாற்றுச் சாவிப் பரிமாற்றமாகத் தேர்ந்தெடுத்தது. ஒரே கணக்கின் மேல் எல்லாவற்றையும் சுமத்தக்கூடாது என்ற கவலை எங்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதில் ஆறுதல் இருந்தது.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

மறையாக்க அமைப்பில் எதை நீக்குவதற்கும் இப்போது இரண்டு பேரின் ஒப்புதல் வேண்டும். சேர்ப்பதற்கு ஒருவர் போதும். நாங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு முறைக்கும், அது நாளை விழுந்தால் எந்தத் தரவு பாதிக்கப்படும், முதல் நாள் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று ஒரு தாள் எழுதிப் பணியறையில் வைத்திருக்கிறோம். அதை எழுதியவர் அந்த இளைய பொறியாளர். பேராசிரியருடன் ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டோம். தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தாலும் கட்டணம் உண்டு என்று அதில் தனியாகக் குறித்திருக்கிறோம்.

மருத்துவமனைகளுக்கு அனுப்ப வேண்டிய முதல் நாள் அறிவிப்பின் வரைவு இன்னும் முடியவில்லை. நிர்வாகப் பொறுப்பாளர் "எங்களுக்கு இன்னும் தெரியாதவை" என்ற பத்தியை நீக்கச் சொல்கிறார். நாங்கள் மறுத்து வருகிறோம்.

ஒப்பந்தத்தைத் தள்ளி வைத்தது தேவையற்றது என்பதே குழுத் தலைவரின் கருத்து இன்றுவரை. கட்டுரை விழுந்துவிட்டதைச் சான்றாகக் காட்டுகிறார். ஏப்ரல் 12 அன்று அது யாருக்கும் தெரியாது என்பது என் பதில். எங்களுக்குள் இது தீரவில்லை. அவருடைய மாற்றுக் கருத்தும் அவர் கையொப்பத்தோடு இந்நிகழ்வின் கோப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது.